சாக்கெட் திறந்திருக்கும் நேரம்

(கணினி வன்பொருள் பராமரிப்புப் பயிற்சி பெறும் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிறியது. ஒரு சர்வரிலிருந்து பிராசசரையும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்க்கையும் சேதமில்லாமல் கழற்றுவது எப்படி என்பதுதான். பழகிய கைக்கு இது சில நிமிட வேலை. அதற்கு ஒரு சொற்பொழிவா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்தத் தொழிலில் நான் கண்ணால் பார்த்த நஷ்டங்களில் மனம் ஆறாதவை அந்தச் சில நிமிடங்களில் நடந்தவை. அதனால்தான் வந்திருக்கிறேன்.

பிராசசர் லேசில் கெடாது. ஹார்ட் டிஸ்க் போகும், ஃபேன் போகும், பவர் சப்ளை போகும். பிராசசர் போவது அபூர்வம். ஆனாலும் அதைக் கழற்றும் வேலை அடிக்கடி வருகிறது. மதர்போர்டு பழுதானால், அதிலிருக்கும் பிராசசரை எடுத்துப் புதிய போர்டில் வைக்க வேண்டும். வேகமான பிராசசருக்கு மாற வேண்டுமென்றால் பழையதைக் கழற்ற வேண்டும். இரண்டு பிராசசர் உள்ள சர்வரில் கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, ஒன்றை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த மூன்றிலும் நம் கையில் வருவது பெரும்பாலும் நல்ல பிராசசர். ஆகவே இந்த வேலையில் ஏதாவது கெட்டுப்போனால், அது நம் கையால் கெட்டது. வேறு யாரையும் சொல்ல முடியாது.

எது கெடுகிறது? இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். லட்சக்கணக்கில் விலையுள்ள பிராசசரைக் கையில் எடுத்தவுடன் நம் கண்ணும் மனமும் அதன் மேலேயே இருக்கின்றன. அது வெளியேறிய இடத்தை யாரும் பார்ப்பதில்லை. சேதம் நடப்பது அங்கே, திறந்து கிடக்கும் சாக்கெட்டில்.

கொஞ்சம் பழைய கதை சொன்னால் இது புரியும். ஒரு காலத்தில் பிராசசரின் அடியில்தான் பின்கள் இருந்தன. மதர்போர்டில் இருந்தவை வெறும் துளைகள். பின் வளைந்தால் பிராசசருக்குக் கேடு, போர்டுக்கு ஒன்றும் ஆகாது. 2004-இல் இன்டெல் நிறுவனம் எல்ஜிஏ 775 சாக்கெட்டைக் கொண்டுவந்தபோது இந்த ஏற்பாடு தலைகீழானது. பிராசசரின் அடிப்பகுதி தங்கமுலாம் பூசிய தட்டையான புள்ளிகளாக மாறியது. பின்கள் மதர்போர்டுக்குப் போயின. 2006-இல் ஏஎம்டி நிறுவனமும் தன் ஆப்டெரான் சர்வர் பிராசசர்களுக்கு 1207 பின் கொண்ட சாக்கெட் மூலம் அதே வழிக்கு வந்தது.

அதன் பிறகு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 2012-இல் வந்த இன்டெல் ஜியான் இ5 வகைக்கு 2011 பின்கள். 2017-இல் வந்த ஜியான் ஸ்கேலபிள் வகைக்கு 3647. அதே 2017-இல் ஏஎம்டி எபிக்குக்கு 4094. 2022-இல் எபிக்கின் அடுத்த சாக்கெட்டுக்கு 6096. சாக்கெட்டின் பெயரில் வரும் எண் பெரும்பாலும் அதன் பின்களின் எண்ணிக்கைதான். உள்ளங்கை அகலமுள்ள ஓர் இடத்தில் இத்தனை ஆயிரம் பின்கள் நிற்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இல்லை. ஒவ்வொன்றும் மெல்லிய தகட்டுச் சுருள்வில் போல ஒரு பக்கம் சாய்ந்து, தன் மேல் வந்து அமரும் புள்ளிக்காகக் காத்திருக்கிறது. விரல் நுனி உரசினால் போதும், வளைந்துவிடும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் இரவு, ஒரு சர்வரில் இரண்டாவது பிராசசரைக் கழற்றி மாற்றினேன். பிராசசரைப் பத்திரமாக எடுத்துத் தட்டில் வைத்தேன். சாக்கெட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு, ஹீட் சிங்க்கில் ஒட்டியிருந்த பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைக்கத் திரும்பினேன். துடைக்கும் துணி அந்தப் பக்கம் இருந்தது. எட்டி எடுத்தேன். அவ்வளவுதான். புதிய பிராசசரை வைத்து மூடினேன். சர்வர் ஓடியது, ஆனால் இரண்டு ரேம் காணவில்லை என்றது. ரேமை இடம் மாற்றிப் போட்டேன், புது ரேம் போட்டேன், மீண்டும் மீண்டும் ஓட்டினேன். அதே இரண்டு இடம், அதே குறை. நள்ளிரவு தாண்டிய பிறகுதான் சாக்கெட்டைப் பார்க்கத் தோன்றியது.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நல்ல சாக்கெட்டில் எல்லாப் பின்களும் ஒரே கோணத்தில் சாய்ந்திருப்பதால் வெளிச்சம் வரிசை வரிசையாக, நடவு முடிந்த வயல் போலச் சீராக மின்னும். டார்ச்சை நகர்த்த நகர்த்த அந்த மினுமினுப்பும் சேர்ந்தே நகரும். இதில் ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சம் உடைந்திருந்தது. மூன்று பின்கள் அடுத்த வரிசைப் பக்கம் படுத்திருந்தன. துணியை எடுக்க நீட்டிய என் கைச்சட்டையின் ஓரம் அவற்றை இழுத்திருக்கிறது. உரசியது எனக்குத் தெரியவே இல்லை. அந்தப் போர்டு பிறகு வேலைக்கு உதவவில்லை. பின் வளைந்த போர்டைக் கைச்சேதம் என்று கருதி வாரண்டியில் ஏற்க மறுப்பதும் உண்டு என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு கணக்குதான். சாக்கெட் எத்தனை விநாடி திறந்திருந்தது? இன்று நான் சொல்லப்போகும் எல்லா முறைகளையும் இந்த ஒரு கேள்வியோடு சேர்த்துப் பாருங்கள்.

மூடியைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். எந்த சர்வர் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே மாதிரி இருபது சர்வர்கள் அடுக்கியிருக்கும் ரேக்கில், அடையாள விளக்கை எரியவிட்டு, முன்பக்கமும் பின்பக்கமும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இயங்குதளத்தை முறைப்படி நிறுத்துங்கள். பிறகு பவர் கார்டுகள். கார்டுகள் என்று பன்மையில் சொல்கிறேன். சர்வருக்குப் பொதுவாக இரண்டு பவர் சப்ளை இருக்கும். ஒன்றைப் பிடுங்கினால் மற்றொன்று ஊட்டிக்கொண்டே இருக்கும். சர்வரை நிறுத்தினாலும் கார்டு செருகியிருக்கும் வரை போர்டின் ஒரு பகுதியில் மின்சாரம் உண்டு. தொலைவிலிருந்து சர்வரைக் கண்காணிக்கும் சில்லு அதில்தான் விழித்திருக்கிறது. எல்லாக் கார்டுகளையும் எடுத்த பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்னேற்றம் வடியட்டும். போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை என்று பார்த்த பிறகே அடுத்த வேலை.

டிஸ்க்குகள் நிரம்பிய சர்வர் 30 கிலோவைத் தாண்டலாம். ரேக்கிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். தனியாக இறக்கி முதுகைக் கெடுத்துக்கொள்வதில் எந்தத் திறமையும் இல்லை.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. நிலைமின்சாரம் சுமார் 3000 வோல்ட்டை எட்டினால்தான் நம் விரலில் சுருக்கென்று தெரியும். சில மின்னணுப் பாகங்களைக் கெடுக்க 100 வோல்ட்டுக்கும் குறைவானதே போதும். அதாவது, நாம் உணராமலே கொல்லலாம். உடனே கெடாமல், உள்ளே காயப்பட்டு ஆறு மாதம் கழித்துக் கெடவும் செய்யலாம். அப்போது காரணம் யாருக்கும் தெரியாது. வெளியே எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் குளிரூட்டிய சர்வர் அறையின் காற்று வறண்டது என்பதை மறக்காதீர்கள்.

ஆகவே மணிக்கட்டுப் பட்டை கட்டாயம். அதன் வயரில் 1 மெகா ஓம் மின்தடை ஒன்று உண்டு. உடலில் சேரும் மின்னேற்றத்தை அது மெல்ல எர்த்துக்கு இறக்கிவிடும். தவறிப்போய்க் கை 230 வோல்ட்டில் பட்டாலும் பட்டை வழியாகப் பாயும் மின்னோட்டத்தைக் கால் மில்லி ஆம்பியருக்குள் அடக்கிவிடும். பட்டை இல்லையென்று சும்மா ஒரு வயரைக் கையில் சுற்றி எர்த்தில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காவல் அதில் இல்லை, உயிருக்கே ஆபத்து. இன்னொன்று: பவர் கார்டை எடுத்துவிட்டு மேஜையில் வைத்த சர்வருக்கு எர்த் இணைப்பு கிடையாது. பட்டையும் சர்வரின் உலோக உடலும் மேஜை விரிப்பும் ஒரே எர்த் புள்ளியில் சேர வேண்டும்.

இப்போது மூடியைத் திறக்கிறோம். காற்றை வழிநடத்தும் பிளாஸ்டிக் உறையை எடுக்கிறோம். ஹீட் சிங்க் தெரிகிறது. அவசரப்படாதீர்கள். அது ஆறட்டும். 2017-இல் வந்த ஜியான் பிளாட்டினம் 8180 பிராசசரின் வெப்பக் கணக்கு 205 வாட். 2022-இல் வந்த எபிக் 9654-க்கு 360 வாட். நம் மேஜையில் இருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். எட்டு அயர்ன், பதினான்கு அயர்ன் சூட்டை அந்தச் சிறு இடத்திலிருந்து வாங்கி வெளியேற்றிக்கொண்டிருந்த உலோகம் அது.

காத்திருக்கும் நேரத்தில் தேவையானவற்றை எடுத்து வையுங்கள். டார்க்ஸ் பிட்டுகள், ஆல்கஹால், நூல் உதிராத துணி, பிராசசர் வைக்கும் தட்டு, புதிய பேஸ்ட். எல்லாவற்றுக்கும் முன்னால், சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடி. மூடி கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்.

ஹீட் சிங்க்கின் மேல் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அதில் ஸ்க்ரூக்களுக்கு 1, 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். அந்த எண்கள் மாட்டும் வரிசை. கழற்றும்போது 4, 3, 2, 1. ஏன் இந்த வரிசை? 3647 சாக்கெட்டில் பிராசசரை அழுத்திப் பிடிக்கத் தனி லீவர் கிடையாது. ஹீட் சிங்க்கின் ஸ்க்ரூவும் அதிலுள்ள ஸ்பிரிங்கும்தான் மூவாயிரத்துச் சொச்சம் பின்களின் மேல் அதை அழுத்தி வைத்திருக்கின்றன. ஒரு பக்கத்தை முழுதாகத் தளர்த்திவிட்டு மறுபக்கத்தை இறுக்கமாக விட்டால் பிராசசர் சாய்கிறது. சாயும்போது ஒரு விளிம்பு மேலே எழும்ப, எதிர் விளிம்பு கீழே பின்களை நசுக்குகிறது. வரிசை என்பது அந்த அழுத்தம் சமமாக இறங்குவதற்கான வழி. ஒரே சாக்கெட்டுக்கே ஒவ்வொரு நிறுவனமும் முறையைச் சற்று மாற்றிச் சொல்வதுண்டு. முதல் ஸ்க்ரூவைச் சில சுற்று மட்டும் தளர்த்தி, அடுத்ததை முழுதும் கழற்றி, மறுபடி முதலாவதற்கு வரச் சொல்லும் கையேடுகளும் இருக்கின்றன. நம் நினைவை நம்ப வேண்டாம். முன்னால் இருக்கும் லேபிளை நம்புவோம்.

கையேட்டை நம்பச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய அனுபவமே நம்மைக் காட்டிக்கொடுக்கும். 2011 பின் சாக்கெட்டில் பிராசசரை இரண்டு லீவர் கொண்ட சட்டகம் தனியாகப் பிடித்திருக்கும். அதனால் பேஸ்ட் காய்ந்து ஹீட் சிங்க் ஒட்டிக்கொண்டால், இடமும் வலமுமாக மெல்லத் திருகி விடுவிக்கலாம். அது சரியான முறை. அதே பழக்கத்தில் 3647-ஐத் திருகினால்? அங்கே பிராசசரும் ஹீட் சிங்க்கும் ஒரே கட்டாக வெளியே வருகின்றன. திருகினால் பிராசசரே பின்களின் மேல் அரைபடும். அங்கே திருகக் கூடாது. நேர் மேலே மட்டுமே தூக்க வேண்டும். எபிக்கின் 4094 சாக்கெட்டில் இன்னொரு மாதிரி. முதலில் ஹீட் சிங்க் தனியாக வரும். அதன் பிறகு பிராசசரைப் பிடித்திருக்கும் சட்டகத்தின் மூன்று ஸ்க்ரூக்களை 3, 2, 1 என்ற வரிசையில் டி20 பிட்டால் கழற்ற வேண்டும். சட்டகத்தில் ஸ்பிரிங் இருப்பதால் அது எழும்பும்; இன்னொரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்டெல்லின் 3647-க்கு வேண்டியது டி30 பிட். பிட் மாறினால் ஸ்க்ரூவின் தலை தேய்ந்து, எடுக்கவே முடியாமல் போகும்.

3647-க்கே திரும்புவோம். இப்போது முக்கியமான கணம். எல்லா ஸ்க்ரூவும் தளர்ந்துவிட்டன. ஹீட் சிங்க்கின் இரு பக்கத்தையும் பிடியுங்கள். மெல்லிய தகடுகளை நசுக்காதீர்கள். நேர் மேலே தூக்குங்கள். வரவில்லையென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். ஏதோ ஒரு ஸ்க்ரூ இன்னும் பிடித்திருக்கிறது. வந்துவிட்டால், தலைகீழாகத் திருப்பி மேஜையில் வையுங்கள். பிராசசரைப் பார்க்காதீர்கள். அதன் மேல் உள்ள பேஸ்ட்டைப் பார்க்காதீர்கள். திரும்பி, மூடியை எடுத்து, சாக்கெட்டை மூடுங்கள்.

மூடிவிட்டீர்களா? இனி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். தேநீர்கூடக் குடித்துவிட்டு வரலாம்.

பிராசசரை ஹீட் சிங்க்கிலிருந்து பிரிப்பது அதன் பிறகுதான். அதைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் இதற்கென்றே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். சில மாடல்களில் ஒரு குட்டி லீவர்; சிலவற்றில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து மெல்லத் திருப்பும் பள்ளம். ஒட்டியிருக்கும் பேஸ்ட் விட்டுக்கொடுக்கும் சின்ன சத்தம் கேட்கும். அதன் பிறகு மூலைகளில் உள்ள கொக்கிகளை விடுவிக்கலாம். வேறெந்த இடத்திலும் நெம்பக் கூடாது. பிராசசரை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். அடியில் உள்ள தங்கப் புள்ளிகளில் விரல் பட்டால் வியர்வையும் எண்ணெயும் ஒட்டும். அந்தப் புள்ளி பின்னோடு சரியாகத் தொடாது. ஒரு மூலையில் சிறு முக்கோணக் குறி இருக்கும். அது எந்தப் பக்கம் இருந்தது என்று பிரிக்கும் முன்பே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பேஸ்ட்டை மறுபடி பயன்படுத்தலாமா என்று கேட்பீர்கள். கூடாது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளும் உண்மையில் மேடும் பள்ளமுமானவை. அந்தப் பள்ளங்களில் தங்கும் காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசமானது. அதன் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.026, அதே அலகில் செம்புக்குச் சுமார் 400. இந்தப் பெரும் இடைவெளியை நிரப்பத்தான் பேஸ்ட். பிரித்தெடுத்த பேஸ்ட் கிழிந்து, குழியும் கட்டியுமாக இருக்கும். மறுபடி அழுத்தினால் குழியெல்லாம் காற்று. ஆகவே ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு பரப்பையும் பளிச்சென்று துடையுங்கள். சாக்கெட்டுக்கு நேர் மேலே வைத்துத் துடைக்க வேண்டாம். துடைத்த துணியால் அடிப்பக்கப் புள்ளிகளைத் தொடவும் வேண்டாம்.

மாட்டும்போது இதே பாதையில் திரும்பி வருகிறோம். கடைசி நொடியில் மூடியை எடுக்கிறோம், டார்ச்சைச் சாய்த்துப் பின்களின் மினுமினுப்பைப் பார்க்கிறோம், உடனே வைக்கிறோம். இறுக்கும் அளவைக் கையால் கணிக்காதீர்கள். 3647 சாக்கெட்டுக்குப் பல கையேடுகள் 12 அங்குல பவுண்டு, அதாவது சுமார் 1.4 நியூட்டன் மீட்டர் என்கின்றன. அடுத்து வந்த 4189 சாக்கெட்டுக்கு அது 8 அங்குல பவுண்டாகவும் குறைகிறது. முன்னதில் பழகிய கை பின்னதை இறுக்கினால் அளவு மீறிவிடும். அளவு வைத்து நிற்கும் டார்க் ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக் கொடுங்கள் என்று உங்கள் முதலாளிகளிடம் உரிமையோடு கேளுங்கள்.

பிராசசரை எடுத்துவிட்டு இடத்தைக் காலியாக விடும் நிலை வந்தால் இரண்டு விஷயம். அந்தப் பிராசசரோடு சேர்ந்த ரேம் இடங்களும், அதோடு இணைந்த கார்டு இடங்களும் வேலை செய்யாது, அது பழுதல்ல. காலிச் சாக்கெட்டுக்கு மூடியும், காற்றோட்டம் தடம் மாறாமலிருக்க நிறுவனம் தரும் வெற்றுத் தடுப்பும் கட்டாயம்.

மதர்போர்டு மாற்றும்போது மட்டும் ஒரு சிக்கல் உண்டு. புதிய போர்டு மூடியோடு வரும். பழைய போர்டுக்கு மூடி இருக்காது. என்றோ யாரோ தூக்கி எறிந்திருப்பார்கள். பிராசசரைப் பழையதிலிருந்து எடுத்தால் அதன் சாக்கெட் திறந்து கிடக்கும். புதியதிலிருந்து மூடியைக் கழற்றினால் அதுவும் திறந்துவிடும். புதிய சாக்கெட்டில் பிராசசர் அமர்ந்த மறுகணம் அந்த மூடி பழைய போர்டுக்குப் போக வேண்டும். கையில் உபரியாக ஒரு மூடி இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

அன்பான மாணவர்களே, இந்த வேலையைச் செய்பவரின் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. சர்வர் மறுபடி ஓடும், அவ்வளவுதான். அந்த ஒன்றுமே நடக்காத முடிவுக்குப் பின்னால் ஒரு மனிதரின் பொறுமை இருக்கிறது. ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவோ, ஒரு வங்கியின் கணக்கோ அந்தப் பொறுமையின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதை நான் உளமார மதிக்கிறேன். நீங்களும் மதிக்க வேண்டும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டு முடிக்கிறேன். நாளை வேலைக்குப் போனதும் ஒரு சிறிய டப்பாவை எடுங்கள். கைக்கு வரும் ஒவ்வொரு சாக்கெட் மூடியையும், எந்தச் சாக்கெட்டுக்கு உரியது என்று எழுதி, அதில் போட்டு வையுங்கள். அந்தப் பிளாஸ்டிக் துண்டை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. ஆனால் அது கையில் இல்லாத இரவில், ஒரு முழு மதர்போர்டின் விலையை நீங்கள் கொடுக்க நேரும்.